மாஸ்டரின் மனைவி

"அடுத்தவ புருஷன்டி அது. மரியாதையா வேலையை விட்டுட்டு வேற கடையைப் பாரு" என்றாள் அக்கா.

அக்கா இன்று சொன்னதைத் தினமும் அவளே தனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளும் மாஸ்டரும் மட்டும்தான். அவர் மெஷினில் லென்ஸைத் தேய்த்து அளவாக்கித் தருவார். அவள் ஃப்ரேமில் பொருத்துவாள்.

அந்த மனுஷன் ஒரு நாளும் தப்பாக ஒரு பார்வை பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் பெண்டாட்டி புராணம்தான். தூங்கட்டும் பாவம் என்று அலாரத்தை அவளே அணைத்துவிட்டு, லேட்டாகிவிட்டதென்று அவரையே திட்டுவாளாம். எந்தப் பாட்டிலும் இரண்டாவது வரி தெரியாதாம், ஆனாலும் நாள் முழுக்க முணுமுணுப்பாளாம். சிரித்தால் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வருமாம்.

இப்படிக் கொண்டாடுகிற ஒருத்தர் நமக்கு வாய்க்கக் கூடாதா என்றுதான் ஆரம்பித்தது. இவரே வாய்த்திருக்கக் கூடாதா என்று வந்து நின்றது.

நேற்று மனைவிக்கு ஜுரம் என்று அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இன்று கடைக்கு வந்ததும், இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

மாஸ்டர் மெஷினை நிறுத்தினார். அதற்குள் யாரோ ஒரு வாடிக்கையாளரின் இடது கண் வீணாகிவிட்டது. காரணம் கேட்டார். தூரம் என்றாள், பஸ் சரியில்லை என்றாள். அவர் நம்பவில்லை.

"உங்க வீட்டுக்காரம்மா மேல எனக்குப் பொறாமையா இருக்கு மாஸ்டர். நேத்து ஜுரம்னு சொன்னீங்கல்ல, ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்தது. இனிமே நான் இங்க இருக்கக் கூடாது."

அவருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது.

"அவ இல்லைங்க."

அவள் பதறிப்போனாள். "ஐயோ, நேத்து வெறும் ஜுரம்னுதானே சொன்னீங்க?"

"சேச்சே, சாகல. அவ பொறக்கவே இல்ல. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

சிரிப்பதா, கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவரால் குத்துவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் அந்த அலாரம், அந்தப் பாட்டு எல்லாம் யாருடையது என்று கேட்டாள்.

"அலாரமும் ஜுரமும் எங்கம்மா. பாட்டும் மூக்குச் சத்தமும்..." அவர் தரையைப் பார்த்தார். "அது நீங்க."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மூக்கிலிருந்து சத்தமும் வந்தது.

கடை முதலாளியம்மாவுக்கும் விஷயம் தெரியுமாம். காட்டிக் கொடுக்க வேண்டாம் என்று இவர்தான் அவரிடம் கேட்டுக்கொண்டாராம்.

"இவ்வளவு பெரிய பொய் எதுக்கு மாஸ்டர்?"

"முதல் நாள் நீங்க மடியிலேருந்து பையை இறக்கவே இல்ல. தூசி வரும்னு எத்தனை தடவை சொல்லியும் கதவைச் சாத்த விடல. வீட்ல பொண்டாட்டி காத்துக்கிட்டிருப்பான்னு சொன்னதுக்கு அப்புறம்தான், நீங்களே எழுந்து போய்ச் சாத்துனீங்க."