கிளினிக்கில் முதல் ஆள்

"வரிசையில நிக்கிறவங்க எல்லாம் உனக்கு மனுசரா தெரியலையாடி?"

இந்திராணி போட்ட சத்தம் தோட்டத்து டிஸ்பென்சரி வாசல் முழுக்கக் கேட்டது. ராகினி காதில் மட்டும் விழவில்லை. எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

சண்டை வரிசைக்குத்தான். உள்ளே போக அங்கே ஒருத்திக்கும் ஆசை இல்லை.

முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கு இந்த மாதக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று கங்காணி காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது சொன்னதுமே, தோட்டத்தில் பாதிப் பேருக்கு வயது முப்பத்துநாலாகிவிட்டது. போகிறவர்களுக்கு அன்றைக்கு முழுப்பேர் போட்டு நாள் சம்பளம் தருவதாகச் சொன்ன பிறகுதான் பதினொரு பேர் தேறினார்கள்.

வந்தவர்களும் வாசலோடு சரி. முதலில் போகிறவளுக்குத்தான் 'ஏதோ இருக்கு' என்று லயத்து வீடுகளில் கதை கட்டிவிடுவார்களே!

இந்திராணிக்கு அதைவிடப் பெரிய பயம். தீட்டு நின்று மூன்று வருடமானவளுக்கு இரண்டு மாதமாக மறுபடி இரத்தம் படுகிறது. புருஷன் காளிதாஸிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

"மாசா மாசம் முதல் ஆளா ஓடுறாளே, இவளுக்கு என்ன கோளாறோ! நடத்தை ஒழுங்கா இருந்தா அந்த நோய் ஏன் வருது?"

ராகினி திரும்பினாள்.

"எனக்குத்தான் நடத்தை சரியில்ல. ஒழுங்கான நீங்க ஏன்க்கா பயப்படுறீங்க?"

கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஐந்தே நிமிடத்தில் முந்தானையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அட்டை கடிக்கிற வலிகூட இல்ல. இதுக்கா இவ்வளவு நேரமா நடுங்குனீங்க இந்திராணிக்கா?"

இந்திராணிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருடி நடுங்குனது? தள்ளு!"

உள்ளே போனவளுக்கு, புதிதாக வந்திருந்த சிங்கள நர்ஸ் நிலுஷா மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்ததும் ரோசமெல்லாம் கரைந்து, இரண்டு மாதக் கதையும் அழுகையோடு வந்தது.

"அனே அக்கா, இது நடத்தையால வர்றதில்ல. ஒரு கிருமியால வர்றது. கல்யாணம் கட்டின யாருக்கும் வரலாம். உங்களுக்கு அதுதான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா இரத்தம் படுறத சும்மா விடக்கூடாது" என்று சொல்லி, இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தாள் நிலுஷா.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த இந்திராணி, ராகினியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள்.

எல்லாரும் போன பிறகு, ராகினியின் கிளினிக் புத்தகத்தை நீட்டினாள் நிலுஷா.

"காலையில கட்டில்ல ஏறவே இல்ல. ஸ்டூல்ல உட்கார்ந்து சும்மா சிரிச்சிட்டுப் போனீங்க. இப்பதான் இதைப் பார்த்தேன். ரெண்டு வருசத்துக்கு முந்தியே மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரியில உங்க கருப்பைய எடுத்தாச்சு. செக்கப்பும் அங்கதான். அப்புறம் ஏன் இங்க மாசா மாசம் முதல் ஆளா வந்து ஏச்சு வாங்குறீங்க?"

ராகினி இப்போது சிரிக்கவில்லை.

"அப்ப எனக்கு முன்னால போக ஒருத்தி இல்லாமத்தானே மிஸ்ஸி, நானும் ஒரு வருசமா இந்த வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனேன்."