பரிமாற வந்த லட்சுமணசாமி

“வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தேன்” என்பதே, யார் வீட்டுக்குப் போனாலும் அழகிரிசாமி முதலில் சொல்லும் வாக்கியம். இரண்டாம் தடவை கேட்டால், “எதுக்குங்க சிரமம்” என்பார். மூன்றாம் தடவை வற்புறுத்திய பின்னரே காபியைக் கையில் வாங்குவார். கேட்டவுடன் வாங்கிக் குடிப்பவர்களை, வளர்ப்புச் சரியில்லாதவர்கள் என்று அவர் கருதினார். பீளமேட்டில் பம்புசெட் பட்டறை நடத்தும் அவர், தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் “போதும், போதும்” என்று தட்டைக் கையால் மறைப்பார். மனைவி பங்காரம்மா அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். அதற்குப் பிறகுதான் அவர் உண்மையில் சாப்பிடத் தொடங்குவார்.

இந்த ஒழுங்கு, மகன் வம்சி ஓர் இயந்திர மனிதனை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து குலைந்தது.

வம்சி வேலைபார்த்த நிறுவனம், வீட்டுப் பணிக்கென்று அதனைச் செய்து, ஊழியர்களின் வீடுகளில் விட்டுப் பழக்கிப் பார்த்தது. ராமாயணத்து லட்சுமணனைப் போல் உறக்கமின்றி ஊழியம் செய்ததால் பங்காரம்மா அதற்கு லட்சுமணசாமி என்று பெயர் வைத்தாள். மரியாதையில்லாத பேச்சு அவளுக்கு ஆகாது என்பதால், வம்சி அதற்குக் கோவைப் பேச்சையே கற்பித்திருந்தான்.

அதற்கு மூன்று விதிகள் இருந்தன. மனிதருக்குத் தீங்கு செய்யலாகாது. மனிதர் வேண்டாம் என்றதை அவர்மேல் திணிக்கலாகாது. கேட்டதற்குப் பொய் சொல்லலாகாது. அவற்றை மாற்ற வம்சிக்கே அதிகாரமில்லை.

பரிமாறும் வேலை அதனிடம் வந்தது. முதல் நாள் மதியம் அழகிரிசாமி வழக்கம்போல் “போதும்” என்றார். லட்சுமணசாமி தட்டை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டது. மறுநாள், அடுத்த வீட்டுச் சூசைமேரி டீச்சர் “வேண்டாங்க” என்றதும், ஆவி பறக்கும் காபி அவர் கண்ணெதிரே திரும்பிப் போயிற்று. அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை. சில வாரங்களில் அழகிரிசாமியின் வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. சர்க்கரை நன்றாகக் குறைந்திருப்பதாக மருத்துவர் பாராட்டினார்.

அழகிரிசாமி லட்சுமணசாமியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“யாரா இருந்தாலும் மூணு தாட்டி கேக்கோணும். அப்புறம் குடுத்துப்போடோணும். புரிஞ்சுதா?”

“கேக்கறேனுங்க. மூணு தாட்டியும் வேண்டாம்னு சொன்னா, எப்படிங்க குடுக்கறது?”

“அதுதானப்பா மரியாதை.”

“அது விதியில இல்லீங்க.”

இந்த நிலையில்தான் மகள் தேஜஸ்ரீக்குக் கருமத்தம்பட்டியிலிருந்து வரன் வந்தது. பிள்ளையின் தந்தை வெங்கடபதி விசைத்தறிக்கூடம் வைத்திருந்தார், கண்ணியமான குடும்பம். அப்படியொரு சம்பந்தம் வாய்க்காதா என்று அழகிரிசாமி வெகுநாளாக ஏங்கியிருந்தார். தொலைபேசியில் பேசியபோது, பெண்ணின் விருப்பத்தைக் கேட்டாயிற்றா என்று வெங்கடபதி விசாரித்தார்.

“மூணு தாட்டி கேட்டாச்சுங்க” என்றார் அழகிரிசாமி, நிறைவோடு.

பெண் பார்க்கும் நாளன்று லட்சுமணசாமியை மாடியில் நிறுத்திவைத்துவிடலாம் என்று பங்காரம்மா யோசனை சொன்னாள். ஆனால் வெங்கடபதியின் மனைவி, அதைப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டுச் சொல்லியனுப்பியிருந்தார். எனவே அதுதான் கூடத்தில் காபித் தட்டோடு நின்றது.

வெங்கடபதியும் நல்ல வளர்ப்பில் வந்தவர். “வேண்டாங்க” என்றார். லட்சுமணசாமி மறுபடி கேட்டது. “இருக்கட்டுங்க” என்றார். மூன்றாம் தடவையும் மறுத்தார். நான்காம் கேள்விக்குத் தயாராகக் கையைச் சற்று முன்னே நீட்டியும் வைத்தார். கருமத்தம்பட்டியில் கணக்கு நான்கு போலும். லட்சுமணசாமி வணங்கிவிட்டுத் தட்டோடு சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

அழகிரிசாமி மனைவிக்குச் சைகை காட்டினார். இயந்திரம் வேலை செய்யும் அழகைப் பார்க்கிறேன் என்று வெங்கடபதியின் மனைவி அதன் பின்னாலேயே சமையலறைக்குப் போனார். பங்காரம்மா வேறு காபியோடு ஓடிவருவதற்குள், அந்த அம்மாள் திரும்பி வந்து கணவர் காதில் ஏதோ சொன்னார். அவர் உடனே எழுந்துகொண்டார்.

“நாங்க வாரோமுங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே அழகிரிசாமிக்குக் கூடுதல் அச்சத்தைத் தந்தது.

மாலையில் தொலைபேசி வந்தது. இந்தச் சம்பந்தம் ஒத்துவராது என்றும், மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் வெங்கடபதி பணிவாகச் சொல்லி முடித்தார்.

அழகிரிசாமி எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார். விடிந்ததும் இந்த இயந்திரத்தை நிறுவனத்தில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று வம்சிக்கு உத்தரவிட்டார். பிறகு அதன் பக்கம் திரும்பினார்.

“இன்னொரு தாட்டி கேட்டிருந்தா, அவரு காபியை வாங்கியிருப்பாரு. எம் பொண்ணு கல்யாணத்தையே கெடுத்துப்போட்டியே.”

“காபியால இல்லீங்க” என்றது லட்சுமணசாமி.

“வேற எதனால?”

“பொண்ணுக்கு நெசமாவே சம்மதந்தானான்னு அந்த அம்மா சமையக்கட்டுல எங்கிட்டக் கேட்டாங்க. நீங்க மூணு தாட்டி கேட்டீங்க, அம்மணி மூணு தாட்டியும் வேண்டாம்னுதான் சொன்னாங்கன்னு சொன்னேனுங்க.”

பங்காரம்மா கணவரைப் பார்த்தாள். அழகிரிசாமி மகளைப் பார்த்தார். தேஜஸ்ரீ தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

அவர் எழுந்து மகளின் அருகில் போனார்.

“கண்ணு, இனிமே உன்னைய ஒரு தாட்டிதான் கேப்பேன்” என்றார்.