மேல் கம்பி

ஆபீஸ் ஷெட்டில் உட்கார்ந்து போனில் படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

ஆறு பேர். ஆரஞ்சுக் கோட்டு, மஞ்சள் தொப்பி, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. காங்கிரீட் போடுவதற்குச் சற்று முன்னால், முதல் மாடி பால்கனிக்குக் கட்டிய கம்பி மேல் ஏறி நின்று இவள் போனில் எடுத்தது. இவள் மட்டும் கண்ணை மூடியிருந்தாள். சனியன் பிடித்த படம் என்று யாருக்கும் அனுப்பவே இல்லை.

இன்றைக்கு இன்டர்ன்ஷிப் கடைசி நாள். மற்ற ஐந்து பேரும் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள். ரிப்போர்ட்டில் சைட்டில் எடுத்த படம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இவளிடம் இருப்பது இது ஒன்றுதான்.

மூடிய கண் தெரியாமல் வெட்ட முடியுமா என்று படத்தை மேலும் கீழும் நகர்த்தினாள்.

கால்கள் வந்தன.

காலுக்கடியில் கம்பி இறங்கியிருந்தது.

கொஞ்சநஞ்சம் இல்லை. அடிப்பலகையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்க வைத்திருந்த குட்டி வளைவுக் கம்பிகள் ஆறு பேர் கனத்தில் மடிந்து படுத்துவிட்டன.

பால்கனிக்கு வெளியே தூண் கிடையாது. சுவரிலிருந்து அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது மேல்பக்கத்துக் கம்பி ஒன்றுதான். அது அடியில் போய்விட்டால் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவள் இவள்.

அன்றைக்கு அந்த ஓரத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்ததே சைட் எஞ்சினியர் தீனதயாளன் சார்தான். பின்னால் கம்பெனி போர்டு தெரிய வேண்டுமாம். வாசலில் காங்கிரீட் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. குதித்து இறங்கினார்கள். ஆட்கள் காங்கிரீட்டைக் கொட்டி நிரவிவிட்டார்கள்.

யாரும் குனிந்து பார்க்கவில்லை. இவளும்தான்.

வெளியே சுத்தியல் சத்தம் கேட்டது.

போனோடு எழுந்தாள்.

காங்கிரீட்டைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளைப் பிரிக்கிறார்கள். சார் சொன்னார் என்று காலையில் போய்ச் சொன்னவளே இவள்தான். அறைகளெல்லாம் முடிந்திருக்கும். பால்கனிதான் பாக்கி.

ஓடினாள்.

"அண்ணே, நிறுத்துங்க!"

சடையப்பன் ஓங்கிய சுத்தியலை அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டார். சென்ட்ரிங் வேலை மேஸ்திரி. வந்த நாளிலிருந்து இவளுக்கு எஞ்சினியர் பாப்பா என்று பெயர் வைத்திருப்பவர். பால்கனிக்கு நேர் கீழே, முதல் முட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு தீனதயாளன் சார் வந்தார்.

இவள் அவரிடம் போனை நீட்டினாள்.

அவர் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். முகம் வெளிறிப்போயிற்று.

அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தாள் பைத்தியக்காரி.

பால்கனியை அண்ணாந்து பார்த்தார். இடித்தால் ஏன் இடிக்கிறாய் என்று கம்பெனியில் அவரைக் கேட்பார்கள். யார் ஏறி நின்றது, யார் ஏற்றி நிற்க வைத்தது என்று கேட்பார்கள்.

படத்தை அழித்தார். குப்பைத்தொட்டிக்குள் போய் அங்கிருந்தும் அழித்தார். போனைத் துடைத்து இவள் கையில் கொடுத்தார்.

"சர்டிபிகேட்ல இனிஷியல் முன்னாடி போடணுமா, பின்னாடியாம்மா?"

அந்தக் காகிதம் இல்லாவிட்டால் டிகிரி இல்லை. டிகிரி இல்லாவிட்டால் கிடைத்திருக்கும் வேலை இல்லை.

சடையப்பன் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னவள் இவள்தானே. எதற்கென்று சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"முன்னாடி சார்."

சொல்லி முடித்ததும் தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

"என்ன பாப்பா, அடிக்கவா?"

"கொஞ்சம் தள்ளி நின்னு அடிங்கண்ணே."

"பார்றா! பாப்பாவுக்கு நம்ம மேல என்னா அக்கறை!"

சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர்தான் முதலில் தள்ளி நின்றார்.

முட்டு விழுந்தது. அடுத்தது விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் இவள் கண்ணை மூடினாள், அந்தப் படத்தில் இருந்ததைப் போலவே.

எல்லாம் விழுந்தது.

பால்கனி விழவில்லை.

அடிப்பலகையைக் கழற்றினார்கள். காங்கிரீட் மொழுமொழுவென்று இருந்தது. சுவரை ஒட்டி மயிரிழையாக விரிசல் ஏதாவது ஓடியிருக்கிறதா என்று பார்க்க மேலே ஏற வேண்டும். இவள் ஏறவில்லை.

சார் பெருமூச்சு விட்டு ஆபீஸ் ஷெட்டுக்குள் போனார். உள்ளே பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

உச்சி வெயில். மரம் ஒன்றுகூட இல்லாத சைட். இத்தனை நாளும் தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டே சாப்பிட்டவர்கள், இப்போது பால்கனிக்குக் கீழே முட்டில்லாமல் விசாலமாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்கள்.

சடையப்பன் பொண்டாட்டி கன்னியம்மா முந்தானையால் தரையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். மடியில் பிள்ளை. இரண்டு சித்தாள்கள் வந்தார்கள். தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். சடையப்பன் சுத்தியலைத் தலைக்கு வைத்துக் காலை நீட்டிப் படுத்தார்.

"அய்யோ, என்னா குளுமை!" என்றாள் கன்னியம்மா.

இவள் வெயிலிலேயே நின்றாள்.

உள்ளே பிரிண்டர் நின்றது. சார் இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், இனிஷியலோடு.

கன்னியம்மா பிள்ளையை ஒரு தொடைக்கு மாற்றிக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டாள்.

"ஏன் பாப்பா வெயில்ல நிக்கிற? வா, இப்படி நெழலுக்கு வா."