பதினோராவது கறை

முதல் வேலை நான்காம் மாடியில், ஹெப்சிபா அம்மாவின் கூடத்துச் சன்னல். அவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர். அவருக்குப் பிடித்துவிட்டால் மற்ற இருபத்துமூன்று வீடுகளின் சன்னல்களும் எனக்குத்தான். அதுவரை என் அறைச் சன்னலைக்கூட நான் துடைத்ததில்லை. சுயதொழில் மாலை வகுப்பில் அடிக்கோடிட்டு எழுதிய ஒரு வரியை நம்பி வந்திருந்தேன்: வாடிக்கையாளரை மறுத்துப் பேசாதே.

உள்பக்கம் முடித்துவிட்டு, பால்கனியில் நின்று வெளிப்பக்கம் துடைத்தேன். அவர் உள்ளே முறுக்குத் தட்டோடு நின்று, விரலால் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு கறை." திறந்திருந்த கதவு வழியே குரல் வந்தது. துடைத்தேன். "இங்கயும்." துடைத்தேன். பதினோராவது கறையில் தோள் மரத்துப்போனது. சோப்பு போதவில்லையா, துணி சரியில்லையா, நான்தான் சரியில்லையா என்று தெரியவில்லை. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தேன். கறைகள் எல்லாம் உள்பக்கம் இருந்தன. ஒவ்வொன்றிலும் எண்ணெய் மினுங்கும் ஒரே விரலின் ரேகை.

கதவருகே போனேன். "அம்மா, வந்து..."

"நான் காட்டக் காட்ட கூடிக்கிட்டே போவுதே தம்பி. தொழிலுக்குப் புதுசா?"

தலையாட்டினேன்.

அவர் முகம் இளகியது. "அதான் பாத்தேன். காலைல சாப்டீங்களா இல்லியா? மொதல்ல இத எடுத்துக்கோங்க. அப்புறம் நிதானமா துடைக்கலாம், நான் காட்டறேன்."

தட்டு என் முன்னால் வந்தது. சொல்வதற்காகத் திறந்த வாயில் ஒரு முறுக்கை வைத்துக்கொண்டேன். அவர் விரல் கண்ணாடியில் அடுத்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.