கம்பியில் கட்டிய கை

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தவள், அம்மாவின் இரண்டு கைகளும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டப்பட்டிருந்ததைப் பார்த்ததும் கொதித்துப் போனாள்.

"எங்கம்மா என்ன திருடியா? முதல்ல அவுத்து விடு!"

இளம் நர்ஸ் நிமிர்ந்தாள். "மூச்சுக் குழாயைப் பிடுங்கிடுவாங்கன்னு கட்டினேன். ஆபரேஷன் முடிஞ்சு குழாயோட வர்ற எல்லாருக்கும் இங்க இப்படித்தானே?"

"எல்லாரும் எங்கம்மாவும் ஒண்ணா? மணிக்கட்டு எப்படிச் சிவந்து கெடக்கு பாரு! கட்டிப்போட்டா பயமும் குழப்பமும்தான் கூடும், குழாயைப் பிடுங்குறது குறையாதுன்னு ஆராய்ச்சி பண்ணியே சொல்லியிருக்காங்க. பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுப் பேசு. கண்ணாடியை மாட்டி விடு. வலிக்குதான்னு கேளு. அதை விட்டுட்டு, மாட்டைக் கட்டுற மாதிரி..."

நர்ஸ் முடிச்சுகளை அவிழ்த்தாள். அம்மாவின் விரல்கள் மகளின் கையைத் தேடிப் பற்றிக்கொண்டன.

"இதே ஆராய்ச்சியைத்தான் போன மாசம் மீட்டிங்ல நான் எடுத்துச் சொன்னேன்." நர்ஸ் அவிழ்த்த துணியைக் கையில் இறுக்கிச் சுருட்டினாள். "'ஆராய்ச்சியா வந்து டியூட்டி பாக்கப் போகுது? பேசாம கட்டு'ன்னு எல்லார் முன்னாடியும் என் வாயை அடைச்சது நீங்கதான், மேட்ரன்."

லீவு போட்டுவிட்டு, யூனிஃபார்ம் இல்லாமல் மகளாக வந்திருந்த மேட்ரன் அம்மாவின் சிவந்த மணிக்கட்டைத் தடவினாள்.

எதிர்க் கட்டிலில் ஒரு பெரியவர், கட்டிய கைகளை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரோட மக இன்னும் வரல, மேட்ரன். இப்பவே அவுக்கட்டுமா, இல்ல அவ வந்து கத்துற வரைக்கும் காத்திருக்கணுமா?"