டாக்டரின் இருமல்

யோசனை சொன்னால்தானே வழக்கு வரும் என்று, டாக்டர்கள் யோசனை சொல்வதையே அரசாங்கம் தடை செய்துவிட்டது. சட்டத்துக்கு ‘நோயாளி சுதந்திரச் சட்டம்’ என்று பெயர். அந்தச் சுதந்திரம் அன்று காலை மாசிலாமணியின் தலையில் மொத்தமாக வந்து இறங்கியது. மனைவி செண்பகவல்லிக்கு மூளையில் ரத்தம் கட்டியிருந்தது.

“ஒண்ணு, உடனே ஆபரேஷன். ரெண்டு, மருந்து குடுத்துப் பொறுத்துப் பாக்குறது. ரெண்டுலயும் ஆபத்து உண்டு. நீங்கதான் முடிவு சொல்லணும்” என்றார் டாக்டர். சுவரிலிருந்து கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

“உங்க வீட்டம்மாவா இருந்தா என்ன சார் செய்வீங்க?”

“அதுக்குப் பதில் சொன்னா என் லைசென்ஸ் போயிடும்யா.”

மச்சினன் முன்பே சொல்லி அனுப்பியிருந்தான்: “வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க மாமா. கண்ணாடியக் கழட்டுவாங்க, செருமுவாங்க, அதுதான் ஜாடை. விட்றாதீங்க.”

“இன்னொரு தடவை சொல்லுங்க சார்” என்றார் மாசிலாமணி, கண்ணெடுக்காமல்.

டாக்டர் திரும்பச் சொன்னார். ‘ரெண்டு’ என்றதும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். மாசிலாமணிக்கு உயிர் வந்தது. கண்ணாலேயே நன்றி சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்த ஒப்புதல் திரையில் இரண்டாவது கட்டத்தைத் தொட்டார்.

மூன்றாம் நாள் செண்பகவல்லி இறந்துபோனாள். சான்றிதழில், ‘முடிவெடுத்தவர்’ என்ற இடத்தில் அவர் பெயரை அச்சடித்துக் கொடுத்தார்கள்.

கேமரா இல்லாத படிக்கட்டில் டாக்டரை மறித்தார் மாசிலாமணி. “நீங்கதானே சார் ரெண்டுன்னு ஜாடை காட்டினீங்க?”

டாக்டர் பேச வாயெடுத்தார். இருமல்தான் வந்தது, நிற்கவே இல்லை.

கூட வந்த நர்ஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “பத்து நாளா இதே இருமல்தான். மருந்து சாப்பிடுங்கன்னா கேக்குறாரா?”