ஐந்து வருடக் கரி

அன்புசெல்வன் ஆள்காட்டி விரலால் வாசல் சுவரில் ஒரு கோடு இழுத்தார். கோடு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. விரல் கரியாகிவிட்டது. அந்த விரலை அதிகாரி குணசுந்தரிக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா மேடம்? வீட்டை இப்படி வச்சுக்கிட்டு கம்பெனி மேல மனு போடறாங்க."

வீட்டுக்காரி ரோசம்மாள் வாசற்படியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு அது. இரும்பு உருக்கும் கம்பெனியின் புகைக்கூண்டு எந்த வீட்டிலிருந்து பார்த்தாலும் தெரியும். அதன் கரி வீட்டுக்குள் விழுகிறது என்று திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தவள் ரோசம்மாள். அதை விசாரிக்க அங்கிருந்து குணசுந்தரி வந்திருந்தார். கம்பெனியோ, வீட்டுத் தூய்மை பற்றி வகுப்பெடுக்க அன்புசெல்வனை அனுப்பியிருந்தது.

தெருவில் பதினேழு வீடுகள். பதினாறு வீட்டார் வகுப்பைக் கேட்டு, ஆளுக்கொரு மாப்பும் பக்கெட்டும் வாங்கிக்கொண்டு, 'எங்கள் வீட்டுத் தூசிக்கு எங்கள் பராமரிப்புக் குறைவே காரணம்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ரோசம்மாளும் போட்டுவிட்டால் மனு அத்தோடு மூடப்படும்.

"ரெண்டே நிமிஷம், கேட்டுக்கோங்கம்மா," என்று அன்புசெல்வன் ஆரம்பித்தார். "காஞ்ச துடைப்பத்தால பெருக்கக் கூடாது. தூசி பறந்து திரும்ப அங்கயேதான் உக்காரும். ஈரத்துணியால மேலேருந்து கீழ துடைக்கணும்."

"தெனம் மூணு தபா தொடைக்கிறேன் சார். சோறு போடறதுக்கு முன்னால தட்டையும் ஒரு தபா தொடைக்கிறேன்."

"ஜன்னல் கண்ணாடிக்கு வினிகர் கலந்த தண்ணி, பழைய நியூஸ் பேப்பர்."

"அதுவும் பண்ணியாச்சு. பேப்பருதான் கறுத்துப் பூடுச்சு. கண்ணாடி அப்டியேதான் கீது."

பக்கத்து வீட்டு ஹெலன் புதுப் பக்கெட்டைக் கையில் பிடித்தபடி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அன்புசெல்வன் தொட்டிச் செடிகளின் பக்கம் திரும்பினார். "செடி இலைய வாரம் ஒரு தடவையாவது கழுவி விடணும். இந்த ரோஜாவப் பாருங்க, இது எப்படி மூச்சு விடும்?"

"அத்தத்தான் சார் நானும் மனுல எழுதிக் குடுத்தேன். நான் எழுதுனா கம்ப்ளெயின்ட்டு, நீ சொன்னா கிளாஸா?"

அவர் முகம் சிவந்தது. அவள் கையைக் கவனித்தார். விரல் நுனிகளெல்லாம் வெடித்திருந்தன. வெடிப்பில் தடவிய தேங்காய் எண்ணெய் மினுமினுத்தது.

"கையப் பாருங்க மேடம். மட்டமான சோப்பு போட்டா இப்படித்தான். கையையே பாத்துக்காதவங்க வீட்டை எப்படிப் பாத்துப்பாங்க?"

ரோசம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கிறிஸ்மஸ் வருது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வெள்ளையாவது அடிக்கக் கூடாதாம்மா?"

"அய்ய சார், அவங்க ஊட்டு செவுரு..." என்று ஹெலன் முன்னால் வந்தாள்.

"ஏ ஹெலனு! உனுக்குதான் பக்கெட்டு வந்துச்சில்ல? கம்முனு இரு," என்றாள் ரோசம்மாள்.

குணசுந்தரி தாளையும் பேனாவையும் நீட்டினார். "எனக்கு இன்னும் ரெண்டு ஊர் பாக்கி இருக்கும்மா. போடுறீங்களா, இல்லையா?"

"மொதல்ல அவரு போடட்டும் மேடம்."

"அவர் எதுக்கு?"

"எம் மேல தப்புன்றாரே, எவ்ளோ தப்புன்னு எழுதட்டும். எஞ் செவுத்துல எத்தினி வருஷத்து கரி கீதுன்னு, கிளாஸ் எடுக்கறவரு கைப்பட எழுதி கையெழுத்து போடட்டும். அப்பால பாக்கலாம்."

அன்புசெல்வன் சிரித்தார். சுவரருகே குனிந்து கரியை நகத்தால் சுரண்டினார். தள்ளி நின்று ஒரு முறை பார்த்தார்.

"பன்னெண்டு வருஷமா இதே வேலைதான் பாக்கறேன் மேடம். இது ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல சேர்ற கரி இல்ல. குறைஞ்சது அஞ்சு வருஷம்."

"அத்த எழுது சார்."

எழுதினார். 'ரோசம்மாள் வீட்டு வாசல் சுவரில் குறைந்தபட்சம் ஐந்து ஆண்டுகளாகப் படிந்த கரி உள்ளது. நேரில் பார்த்து உறுதி செய்கிறேன்.' கையெழுத்தும் தேதியும் போட்டார். பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்று குணசுந்தரியும் சாட்சிக்குக் கையெழுத்திட்டார்.

ரோசம்மாள் எழுந்தாள். தாளை வாங்கி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். பிறகு நான்காக மடித்து குணசுந்தரியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இத்த எம் மனுவோட சேத்துக்குங்க மேடம்."

"என்னம்மா சொல்றீங்க? இது உங்களுக்கு எதிரா இல்ல இருக்கு?" குணசுந்தரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவரில் இருந்த வெள்ளைக் கோட்டையே பார்த்தார். "கடைசியா எப்ப வெள்ளை அடிச்சீங்க?"

ஹெலன் பக்கெட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

ரோசம்மாள் வெடித்த விரலால் அவளைக் காட்டினாள்.

"போன ஞாயித்துக்கெழம மேடம். இவதான் ஏணிய புடிச்சா."